உங்களுக்குத் தெரியுமா? பிரிக்பீல்ட்ஸ், விரல்களும் வாசிக்கும் ஊர்!

கோலாலம்பூரில் வண்ணங்கள் கொட்டிக் கிடக்கும் ‘லிட்டில் இந்தியா’வான பிரிக்பீல்ட்ஸ்தான், மலேசியப் பார்வையற்றோரின் முக்கிய மையமும்கூட!

• 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம், இங்கே துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய ஜாலான் தெபிங்கில் இருக்கிறது. விரலால் தொட்டு வாசிக்கும் பிரெய்ல் எழுத்தும் தொழிற்பயிற்சியும் இங்கே கற்றுத் தரப்படுகின்றன. பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்களும் இவ்வட்டாரத்தில் பிரபலம்.

• பெட்டாலிங் ஜெயாவில் உள்ள துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனையை உருவாக்கியதும் இதே சங்கம்தான். ஆண்டு 1986.

• பிரெய்லில் ஒரு கட்டத்துக்கு 6 புள்ளிகள். அவற்றைக் கொண்டு 63 வடிவங்கள் அமையும். தமிழின் ‘க’வும் மலாய், ஆங்கிலத்தின் ‘கே’ எழுத்தும் ஒரே வடிவம்!

• அச்சில் ‘கெ’ எழுதும்போது கொம்பு முதலில் வரும். தமிழ்ப் பிரெய்லில் ‘க’ முதலில், ‘எ’ அடுத்து. உச்சரிக்கும் வரிசையிலேயே விரல் வாசிக்கிறது.

• நடைபாதையின் மஞ்சள் ஓடுகளும் பார்வையற்றோருக்கு ஒரு மொழிதான். நீள வரிகள் இருந்தால் ‘நேரே நடக்கலாம்’. வட்டப் புடைப்புகள் இருந்தால் ‘கவனம், நில்’. மஞ்சள் நிறம், பார்வை மங்கலானவர்களுக்கும் உதவும்.

அந்த ஓடுகளின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தாதீர்கள். அது ஒருவரின் வழியையே அடைத்துவிடும்.