குழந்தையின் காய்ச்சலும் தொழிலாளியின் ஒரு நாள் கூலியும்

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சளி, இருமல் ஏதுமின்றிக் காய்ச்சல் கண்டால், மருத்துவர் ஐயுறும் காரணங்களுள் சிறுநீர்த் தொற்றும் ஒன்று. எரிகிறது என்று சொல்ல அக்குழந்தைக்கு வாய் இல்லை. பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்கும் முன்பே சிறுநீர் எடுப்பது முக்கியம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் 'கல்ச்சர்' முடிவு வர இரண்டு நாள்கள் ஆகலாம். ஆக, மருத்துவமனைக்கு இருமுறை செல்ல நேரும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் ஷிப்ட் முறையில் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதன் விலை என்ன? பொருளியல் கற்பித்த எனக்கு, மருத்துவக் கட்டணத்தைவிட இழக்கும் கூலியே பெரிதாகத் தெரிகிறது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதோர் 0.75 விழுக்காடும், நிறுவனம் 3.25 விழுக்காடும் இ.எஸ்.ஐ.க்குச் செலுத்துகின்றனர். குழந்தையின் சிகிச்சைக்கு அதில் உரிமை உண்டு. ஆனால், ஊதியத்தில் 70 விழுக்காடு தரும் நோய்க்கால உதவித்தொகை, தொழிலாளி தாமே நோயுற்றால்தான் கிடைக்கும். குழந்தைக்காக எடுக்கும் விடுப்பு அந்தக் கணக்கில் வராது.

எனவே, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மருந்தே மலிவாகப்படுகிறது. இதை அறியாமை என்று பழிப்போரோடு எனக்கு உடன்பாடில்லை. பெற்றோரின் கணக்கு சரிதான், விலைகள்தாம் பிழை. அரைகுறை மருந்தால் காய்ச்சல் தணியலாம். பிந்தைய பரிசோதனையில் கிருமி தென்படாமலும் போகலாம். முறையான சிகிச்சையின்றித் தொற்று மீண்டும் மீண்டும் வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழும் அபாயம் உண்டு.

இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் ஷிப்ட் முடிந்து வருவோரிடமும் சிறுநீர் மாதிரியைப் பெற்று, முடிவைக் கைப்பேசியில் தெரிவிக்கலாம். உதவித்தொகை நாள்களில் சிலவற்றைக் குழந்தையின் நோய்க்கும் அரசு விரிவாக்க வேண்டும்.