குவாங்சோவில் சுவரும் வியர்க்கும்!

கிள்ளான் புழுக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் குவாங்சோ என்ன பெரிய சவாலா? வேலைக்குக் கிளம்பும் நம் பிள்ளைகள் இப்படித்தான் நினைக்கிறார்கள். மார்ச் மாதத்தில் அந்தத் தெம்பு ஆட்டம் காணும்.

குளிர்காலத்தில் சில்லிட்டுப்போன சுவரிலும் தரையிலும், தென்சீனக் கடலிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டதும் நீர் வழியும். சீனர்கள் இதை ‘ஹுய்நான்தியன்’ என்கிறார்கள். துணி காயாது; காலணி, சான்றிதழ்களில் பூஞ்சை படரும்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஈரவாடை வீசினால் சன்னலைத் திறப்போம். அங்கே அதைச் செய்யக்கூடாது. இன்னும் ஈரம்தான் உள்ளே வரும். சன்னலை அடைத்து, குளிரூட்டியை ‘டிரை’ நிலையில் ஓடவிடுங்கள். சான்றிதழ்களைக் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள்.

வடக்கிலிருந்து வறண்ட காற்று வந்ததும் வீடு காய்ந்துவிடும். அதற்குள் ‘இந்த ஊர் நமக்கு ஒத்துவராது’ என்று பெட்டியைக் கட்டிவிடாதீர்கள்!