ரத்த அளவில் தொடங்கும் சிக்கல்

தாய்க்கோ வயிற்றிலிருக்கும் குழந்தைக்கோ வழக்கத்தைவிடக் கூடுதல் ஆபத்து உண்டு என்று முன்கூட்டியே தெரிந்துவிட்ட கர்ப்பத்தைச் சுகாதாரத் துறையினர் ‘ஹை ரிஸ்க்’ என்கிறார்கள். உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய வால்வுக் கோளாறு, இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், 18 வயதுக்குள்ளோ 35-ஐத் தாண்டியோ கருத்தரிப்பது, நெகட்டிவ் ரத்த வகை என்று அந்தப் பட்டியல் நீளமானது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இவற்றுக்கெல்லாம் முன்னால் கவனிக்க வேண்டியது, கேட்பவரைப் பயமுறுத்தாத ஒன்று: ரத்தசோகை.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் தீவிரம். பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால், நல்ல ரத்த அளவுள்ளவர் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார். 7 கிராமோடு பிரசவ அறைக்குள் வருபவரின் இதயம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். அவருக்கு அதே அரை லிட்டர் உயிர்ப் பிரச்சினை.

இந்த வட்டாரத்தின் பட்டாசு வேலை முறையும் கர்ப்பத்துக்குச் சாதகமானதல்ல. குழாய் உருட்டுவது, சரம் பின்னுவது, பெட்டி அடைப்பது எல்லாம் மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து செய்யும் வேலைகள். தீப்பொறிக்குப் பயந்து, வெடிமருந்து புழங்கும் அறைகளுக்கு மின்சாரம் கொடுப்பதில்லை. சித்திரை வெயிலிலும் மின்விசிறி கிடையாது. கூலி பெரும்பாலும் ‘பீஸ் ரேட்’. எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கும் நேரமும், கழிப்பறைக்குப் போகும் நேரமும் கூலியில்தான் குறையும். தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கிவைத்தால் சிறுநீர்த் தொற்று வரும். அது குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவிடும். தமிழ்நாட்டில் சுமார் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அது பட்டாசுத் தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வல்ல. ஆனால் வெயில் வெயில்தான்.

ரத்தசோகைக்கு மருத்துவம் எளியது. நேரத்தில் தொடங்கினால் மட்டும். மூன்று மாதம் முடிந்ததும் இரும்புச் சத்து மாத்திரை, கூடவே குடற்புழு மாத்திரை. மாத்திரையை டீயோடு விழுங்கினால் பாதிப் பலன் போய்விடும். டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேலையிடத்தில் டீ குடித்தே பசியை அடக்குபவர்களுக்கு நர்ஸ் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். மாத்திரையில் அளவு ஏறாவிட்டால் ‘அயர்ன் சுக்ரோஸ்’ மருந்தை டிரிப்பில் ஏற்றுவார்கள். இதற்கெல்லாம் சில வாரங்கள் வேண்டும். தீவிர ரத்தசோகையோடு எட்டாம் மாதத்தில் வந்து நிற்பவருக்கு அந்த அவகாசம் இல்லை. ரத்தம் ஏற்றுவதுதான் வழி.

ரத்தம் ஏற்றுவதிலும் ஆபத்து உண்டு என்பதற்கு இந்த விருதுநகர் மாவட்டமே சாட்சி. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து. கொடையாளர் வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்துகொண்டபோது தனக்குத் தொற்று இருப்பதை அறிந்து, தானே வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அந்தத் தாய்க்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் கூட்டு மருந்துச் சிகிச்சை அளிக்கப்பட்டு, 2019 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் பரிசோதனை காட்டியது. ரத்த வங்கியின் கவனக்குறைவு பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது, பேச வேண்டியதுதான். அந்தப் பெண்ணுக்கு ரத்தம் தேவைப்படும் நிலை ஏன் வந்தது என்ற கேள்வி மட்டும் பின்னுக்குப் போய்விட்டது.

அடுத்த பெரிய எதிரி பிரஷர். இருபதாம் வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். கால் வீக்கத்தை ‘நீர் கோத்திருக்கு’ என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால் முகமும் கையும் வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை வலிப்புக்கு முன்னறிவிப்பு. வலிப்பைத் தடுக்கும் மருந்து மெக்னீசியம் சல்பேட், விலை மலிவு. மேல் மருத்துவமனைக்கு அனுப்புமுன் முதல் தவணையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடலாம்: 4 கிராம் மெதுவாக நரம்பில், பின்பு இரண்டு பிட்டங்களிலும் 5 கிராம் வீதம். அதன் பிறகு முழங்காலைத் தட்டி அனிச்சை வருகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, சிறுநீர் போதுமான அளவு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்து மிகுந்தால் மூச்சே நின்றுவிடும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும்.

சர்க்கரைக்குத் தமிழ்நாடே வழிகாட்டி. சென்னை மருத்துவர் வி. சேஷையா பரவச் செய்த முறையில், வெறும் வயிறு வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140-ஐத் தொட்டால் சிகிச்சை. ஒரு நாள் கூலியை முழுதாக இழக்க முடியாதவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

சிக்கல் பிடிபட்ட பிறகு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. கிராம சுகாதார செவிலியர், கர்ப்பிணிகளுக்கான அரசு இணையப் பதிவேடான ‘பிக்மி’யில் பதிவு செய்து 12 இலக்க எண் தருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மேலே, சிசேரியனும் ரத்தமும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பும் 24 மணி நேரமும் கிடைக்கும் ‘சீமாங்’ மையங்கள். அதற்கும் மேலே, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி. அதற்கு முன் கடினமான கேஸ்கள் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ஓட வேண்டியிருந்தது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடத்தை உண்டாக்குகிறது. ஏழு மாதம் ஒரு நர்ஸ் கவனித்த பெண், வளைகாப்பு முடிந்ததும் கோவில்பட்டிக்கோ சங்கரன்கோவிலுக்கோ போய்விடுகிறார். அங்கே அவர் புதிய ஆள். பதிவு எண்ணும், ஸ்கேன் அறிக்கையோடு கூடிய அட்டையும் கையில் இருந்தால்தான் வலி எடுத்த இரவில் மருத்துவருக்கு முழுக் கதையும் தெரியும்.

குழந்தை பிறந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்பதும் சரியல்ல. இதய நோய் உள்ளவருக்கு மிகக் கடினமான நேரமே பிரசவம் முடிந்த கையோடுதான். பிரஷர் வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம். முதல் இரண்டு நாட்கள் அதிகக் கவனம் தேவை. நெகட்டிவ் ரத்த வகைத் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் ‘ஆன்டி-டி’ ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். சர்க்கரை இருந்தவர் ஆறாம் வாரத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும். மகப்பேறு விடுப்பு சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், இ.எஸ்.ஐ. பதிவுள்ள தொழிலாளிக்கு அந்தக் காலத்துக்கான பணமும் உண்டு. பெயர் பதிவேட்டில் ஏறாமல் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்ப்பவருக்கு இரண்டுமே கிடைப்பதில்லை.