வேற்றுமை நமக்குப் புதிதல்ல

திருமணம் முடிந்து, கணவர் ஜேர்மனியில் இருக்க, விசாவுக்காக ஊரில் காத்திருக்கும் பெண்களை வடக்கு கிழக்கில் பல இடங்களிலும் காணலாம். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில், நிலாவெளிக்கு அப்பால் உள்ள இறக்கக்கண்டி போன்ற கரையோரக் கிராமங்களுக்கும் இந்தக் காத்திருப்பு அந்நியமானதல்ல. அதன் நடுவே ஒரு பரீட்சை நிற்கிறது.

2007 ஆகஸ்ட் 28ஆம் திகதி ஜேர்மனியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அங்குள்ள கணவருடனோ மனைவியுடனோ சேர்ந்து வாழச் செல்பவர், விசா பெறுவதற்கு முன்பே எளிய ஜேர்மன் மொழியறிவை நிரூபிக்க வேண்டும். இதனை 'ஏ1' மட்டம் என்பர். கொழும்பிலுள்ள கோதே நிறுவனம் இதற்கான வகுப்புகளையும் பரீட்சையையும் நடத்துகிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்குக்கும் சேர்த்து 100 புள்ளிகள். 60 பெற்றால் சித்தி. நோய், உடல் இயலாமை போன்ற காரணங்களால் படிக்க முடியாதவர்கள் உட்படச் சிலருக்கு விலக்கு உண்டு. எனவே, விண்ணப்பிக்க முன்னர் தூதரகத்தில் விசாரித்துக் கொள்வது நல்லது.

இடப்பெயர்வுகளால் பாடசாலையை இடையில் விட்டவர்களுக்கு இந்தப் பரீட்சை பெரும் சுமை. தவறினால் பிரிவு நீள்கிறது; கொழும்பில் தங்கிப் படிக்கும் செலவு கூடுகிறது; 'படிப்பு ஏறாதவள்' என்ற பேச்சும் சேர்ந்து வருகிறது. குறிப்பாக டெர், டென், டெம் என்று வேற்றுமைப் பாடம் தொடங்கியதும் பலர் மனம் சோர்ந்து விடுகின்றனர். ஆனால் அந்தப் பாடத்தின் பெரும்பகுதி நாம் தினமும் பேசுகின்ற தமிழிலேயே இருக்கிறது.

நான்கு வேற்றுமைகள்

தமிழில் வேற்றுமை எட்டு என்று பாடசாலையில் படித்தோம். ஜேர்மன் மொழியில் நான்கு மட்டுமே. நமது முதலாம், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகளோடு அவற்றை ஒப்பிடலாம். தமிழில் சொல்லின் இறுதி மாறும். ஜேர்மனில் பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் நிற்கும் சிறுசொல் மாறும். 'ஃபாட்டர்' என்றால் தந்தை.

தந்தை வருகிறார் – டெர் ஃபாட்டர்.
தந்தையைப் பார்க்கிறேன் – டென் ஃபாட்டர்.
தந்தைக்குக் கொடுக்கிறேன் – டெம் ஃபாட்டர்.
தந்தையுடைய வீடு – டெஸ் ஃபாட்டர்ஸ்.

'ஐ' வரும் இடத்தில் டென், 'கு' வரும் இடத்தில் டெம் என்று மனதில் வைத்தால் பாதிப் பயம் போய்விடும். நான்காவது வடிவம் ஏ1 மட்டத்தில் அதிகம் வருவதில்லை. 'உதவு' என்ற வினையைப் பாருங்கள். நாம் 'பிள்ளைக்கு உதவுகிறேன்' என்கிறோம். 'பிள்ளையை உதவுகிறேன்' என்பதில்லை. ஜேர்மனிலும் அப்படியே 'கு' வேற்றுமைதான். நன்றி சொல்வதும் 'உனக்கு' என்றே அமையும்.

எங்கே கவனம் தேவை?

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. முதலாவது, பால். தமிழில் பொருளைப் பார்த்துத் திணையும் பாலும் அறியலாம். ஜேர்மனில் மேசை ஆண்பால். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லோ பெண்பாலும் அல்ல, ஆண்பாலும் அல்ல, மூன்றாவது பால். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் டெர், டீ, டாஸ் என்ற அதன் முன்சொல்லோடு சேர்த்தே மனனம் செய்ய வேண்டும். தாயைக் குறிக்கும் 'டீ முட்டர்', 'தாய்க்கு' என்னும்போது 'டெர் முட்டர்' ஆகும். அதைக் கண்டு ஆண்பால் என்று மயங்கக் கூடாது.

இரண்டாவது, போகும் இடம். நாம் 'சந்தைக்குப் போகிறேன்' என்று 'கு' சேர்க்கிறோம். ஜேர்மனில் அங்கே 'அவுஃப் டென் மார்க்ட்' என்று 'ஐ' வேற்றுமை வரும். சந்தையில் நிற்கும்போதுதான் 'அவுஃப் டெம் மார்க்ட்'. எங்கே போகிறாய் என்றால் டென், எங்கே நிற்கிறாய் என்றால் டெம். 'தந்தைக்காக' என்பதும் அவ்வாறே 'ஃபூர் டென் ஃபாட்டர்' ஆகும். தமிழர் தடுமாறும் இடங்கள் இவை. இவற்றைத் தனியே ஒரு கொப்பியில் எழுதி, வீட்டு வேலைகளின் நடுவே வாய்விட்டுச் சொல்லிப் பழகலாம். சமையலறையில் உள்ள பொருட்களில் அவற்றின் ஜேர்மன் பெயரை முன்சொல்லோடு எழுதி ஒட்டி வைப்பதும் உதவும்.

விசாவுக்கு அப்பால்

ஒரு முறை தவறியவர் மீண்டும் தோற்றலாம். குடும்பத்தவர் செய்யக்கூடிய உதவி, அவரைக் குறை கூறுவதல்ல. படிக்கும் நேரத்தில் பிள்ளைகளையும் அடுப்பையும் பார்த்துக் கொள்வதே. ஜேர்மனி சென்றபின் படிப்பைத் தொடரவும் வழியுண்டு. புதிதாகக் குடியேறுவோருக்காக 2005ஆம் ஆண்டு தொடங்கிய பொது ஒருங்கிணைப்புக் கல்வியில் 600 மணித்தியாலம் மொழிப் பாடமும், 100 மணித்தியாலம் அந்நாட்டின் சட்டம், வாழ்க்கை முறை பற்றிய பாடமும் உண்டு.

அந்நிய நாட்டில் மொழி தெரியாத பெண், வைத்தியரிடமும் பொலிஸாரிடமும் கணவரின் வாயாலேயே பேச வேண்டியிருக்கிறது. கணவரைப் பற்றியே பேச வேண்டி வந்தால் அவள் என்ன செய்வாள்? 'எனக்கு வயிறு நோகிறது' என்பதற்கு 'மிர் டூட் டெர் பௌஹ் வே' என்று சொல்வார்கள். 'எனக்கு உதவுங்கள்' என்பதற்கு 'ஹெல்ஃபென் சீ மிர்'. இரண்டிலும் உள்ள 'மிர்' என்ற சொல்லுக்கு 'எனக்கு' என்று பொருள். பரீட்சைக்காகப் படிக்கும் சகோதரிகள், தமக்காகவும் முதலில் படிக்க வேண்டிய நான்காம் வேற்றுமைச் சொல் அதுதான்.