வைரத் தோடு வாங்கப் போறீங்களா? நிறமா, அளவா... எதற்குக் காசு கொடுக்கலாம்?

இரண்டு ஏழு கல் தோடுகள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று சற்றே சிறியது. ``இ-எஃப் கலர் மேடம், டாப் குவாலிட்டி'' என்கிறார் விற்பனையாளர். இன்னொன்று கொஞ்சம் பெரியது. ``இது ஜி-ஹெச். ஆனா பார்வையா இருக்கும்'' என்கிறார். அம்மா பெரிய தோட்டைப் பார்க்கிறார். மகள் சர்ட்டிஃபிகேட்டைப் பார்க்கிறாள். அப்பா விலைச்சீட்டைப் பார்க்கிறார்.

கல்யாண சீஸனில் எந்த நகைக்கடையிலும் நடக்கும் காட்சி இது. பல வருடச் சேமிப்பை அரை மணி நேரத்தில் செலவழிக்கும் இடமும் இதுதான். நிறத்துக்கும் அளவுக்கும் நடுவே எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று தெரிந்துகொண்டு போனால், அதே பணத்தில் நல்ல நகை கிடைக்கும்.

`கலர்' என்றால் என்ன?

வைரத்தைப் பொறுத்தவரை `நல்ல கலர்' என்றால் நிறமே இல்லாமல் இருப்பது. பெரும்பாலான வைரங்களில் நைட்ரஜன் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும். அதுதான் லேசான மஞ்சள் சாயலைத் தருகிறது. சாயல் குறையக் குறைய விலை ஏறும்.

இதை அளக்க அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ நிறுவனம் 1950-களில் உருவாக்கிய அளவுகோலைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். `டி' எழுத்தில் தொடங்கி `இசட்' வரை போகும். டி, இ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி, ஹெச், ஐ, ஜே நான்கும் கிட்டத்தட்ட நிறமற்றவை. `கே'யிலிருந்து மஞ்சள் மெள்ள மெள்ளக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஏ, பி, சி என்று ஏன் தொடங்கவில்லை? அந்த எழுத்துகளைப் பழைய வியாபாரிகள் ஆளுக்கொரு அர்த்தத்தில் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். குழப்பம் வேண்டாமென்றே `டி'யில் ஆரம்பித்தார்கள்.

இந்த எழுத்தை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது முக்கியம். நகையில் பதிக்காத தனிக்கல்லைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, குறிப்பிட்ட வெளிச்சத்தில், நிறம் தீர்மானிக்கப்பட்ட மாதிரிக் கற்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கவிழ்த்து வைப்பது எதற்காக? நிமிர்த்தி வைத்தால் கல்லின் ஜொலிப்பு சாயலை மறைத்துவிடும் என்பதற்காக!

நீங்கள் தோட்டைக் கவிழ்த்தா போட்டுக்கொள்ளப் போகிறீர்கள்? நிமிர்ந்த நிலையில், தங்கத்தில் பதித்து, காதில் ஆடும்போது `எஃப்' கல்லுக்கும் `ஜி' கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை எதிரே நிற்பவரால் சொல்ல முடியாது. ஆனால் பில்லில் அந்த வித்தியாசம் தெரியும்.

சென்ட் கூடினால் கண்ணுக்கு எவ்வளவு கூடும்?

முதலில் ஒரு சின்ன விளக்கம். தங்கத்தில் `22 காரட்' என்பது தூய்மையைக் குறிக்கும். வைரத்தில் காரட் என்பது எடை. ஒரு காரட் 0.2 கிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட்.

எடை இரண்டு மடங்கானால் கல் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நன்றாகப் பட்டை தீட்டிய வட்டக் கல்லின் குறுக்களவு தோராயமாக இப்படி இருக்கும்:

5 சென்ட் - 2.4 மி.மீ
10 சென்ட் - 3 மி.மீ
25 சென்ட் - 4.1 மி.மீ
50 சென்ட் - 5.1 மி.மீ
1 காரட் - 6.5 மி.மீ

50 சென்ட்டிலிருந்து ஒரு காரட்டுக்குப் போனால் எடை இரண்டு மடங்கு. குறுக்களவு கால் பங்கு சொச்சம்தான் கூடுகிறது. விலையோ இரண்டு மடங்குக்கும் மேலே போகும். பெரிய கல் அரிது என்பதால், ஒரு சென்ட்டுக்கான விலையே கல்லின் அளவோடு சேர்ந்து ஏறும்.

அதிலும் 30, 50, 70, 90 சென்ட், 1 காரட் என்று சில எல்லைகள் உண்டு. எல்லையைத் தொட்டதும் விலை ஒரு படி தாவும். 96 சென்ட் கல்லுக்கும் 1 காரட் கல்லுக்கும் அளவில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். `முழு ஒரு காரட்' என்று சொல்லிக்கொள்ளும் பெருமைக்குத்தான் அந்தக் கூடுதல் பணம். எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள கல் கிடைத்தால் தயங்காமல் பாருங்கள்.

இன்னொன்று... எடையை மட்டும் கேட்காதீர்கள், மில்லிமீட்டரையும் கேளுங்கள். வட்டக் கல்லின் ஆழம் அதன் குறுக்களவில் 60 சதவிகிதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. அதைவிட ரொம்ப ஆழமாகத் தீட்டிய கல், எடையை அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு மேலே சிறிதாகத் தெரியும். ஜொலிப்பும் குறையும். நிறமா, அளவா என்ற கேள்விக்கு முன்பே பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பட்டை மோசமான `டி' கல்லைவிட, பட்டை நன்றாக உள்ள `ஹெச்' கல் அழகாக இருக்கும்.

ஏழு கல் தோடு: பாட்டிகளின் கெட்டிக்காரக் கணக்கு

நம் வீடுகளில் ஏழு கல் தோடு இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை, கணக்கும் இருக்கிறது. ஒரே அளவுள்ள வட்டங்களில் ஒன்றை நடுவில் வைத்தால், சுற்றிலும் சரியாக ஆறு வட்டங்கள் இடைவெளி இல்லாமல் உட்காரும். ஐந்து வைத்தால் இடம் மிஞ்சும். ஏழு வைக்க இடம் போதாது. அதனால்தான் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு.

10 சென்ட் கற்கள் ஏழு என்றால் ஒரு காதுக்கு 70 சென்ட். தோட்டின் முகம் ஏறக்குறைய 9 மி.மீ அகலம் இருக்கும். அதே 70 சென்ட்டை ஒற்றைக் கல்லாக வாங்கினால் குறுக்களவு 5.7 மி.மீ-தான். விலையோ பல மடங்கு! சின்னக் கற்களுக்கு சென்ட் விலை குறைவு, பார்வைக்கோ பெரிய தோடு. சின்னக் கல்லில் மஞ்சள் சாயலும் எளிதில் தெரியாது. நிறம், அளவு இரண்டு சிக்கலையும் ஒரே டிசைனில் தீர்த்துவிட்டார்கள்.

ஆனால், ``இன்னும் கொஞ்சம் பெரிசா எடுங்க'' என்று கடையில் சொல்லும்போது கவனம் தேவை. கூடுவது ஒரு கல்லில் இல்லை, பதினான்கு கற்களில். 10 சென்ட் கற்களிலிருந்து 12 சென்ட்டுக்குப் போனால் மொத்த எடை 1.40 காரட்டிலிருந்து 1.68 காரட்டாகிவிடும். அதாவது 20 சதவிகிதம் அதிகம். தோட்டின் அகலம் கூடுவதோ அரை மில்லிமீட்டர் சொச்சம். கண்ணாடி முன் இரண்டையும் போட்டுப் பார்த்து, வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

எழுத்தைவிட ஒற்றுமை முக்கியம்

தோட்டில் பதினான்கு கற்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எல்லாமே `ஹெச்' என்றால் தோடு வெள்ளையாகவே தெரியும். பதின்மூன்று கற்கள் `எஃப்', ஒன்று மட்டும் `ஜே' என்றால், அந்த ஒன்றுதான் முதலில் கண்ணில் குத்தும். நம் கண்ணுக்குத் தனி நிறத்தை அளக்கத் தெரியாது. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடத் தெரியும்.

சின்னக் கற்களைத் தனித்தனியாகத் தரம் பிரிப்பதில்லை. `இ-எஃப்', `ஜி-ஹெச்', `ஐ-ஜே' என்று இரண்டு எழுத்து சேர்த்தே விற்பார்கள். சர்ட்டிஃபிகேட்டிலும் மொத்த எடையும் இந்த வரம்பும்தான் இருக்கும். எனவே பேப்பரில் உள்ள எழுத்தோடு நிறுத்தாமல், கற்களின் ஒற்றுமையை நீங்களே பார்க்க வேண்டும்.

மஞ்சள் தங்கத்தில் கட்டும் ஏழு கல் தோட்டுக்கு `ஜி-ஹெச்' தாராளமாகப் போதும். தங்கத்தின் மஞ்சள் எப்படியும் கல்லில் பிரதிபலிக்கும். அதில் `டி' கல்லைப் பதிப்பது, வெள்ளை வேட்டியை மஞ்சள் விளக்கின் கீழ் காட்டுவது போலத்தான். மிச்சமாகும் பணத்தை நல்ல பட்டைக்கோ, சற்றுப் பெரிய கல்லுக்கோ மாற்றலாம்.

மூக்குத்திக்கும் இதே கணக்குதான். 5 சென்ட் கல்லில் `எஃப்'பா, `ஹெச்'சா என்று யாரும் மூக்கருகே வந்து பார்க்கப் போவதில்லை. மின்னுகிறதா என்பதே கேள்வி.

எங்கே நிறத்தை விடக் கூடாது?

ஒற்றைக்கல் மோதிரம் என்றால் கதை வேறு. கல் பெரிதாக ஆக மஞ்சள் சாயல் நன்றாகத் தெரியும். மோதிரத்தை நாமே நாள் முழுக்கப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், பக்கவாட்டிலும் பார்க்கிறோம். பிளாட்டினத்திலோ, வெள்ளைத் தங்கத்திலோ பதித்தால், சுற்றியுள்ள வெள்ளை, கல்லின் மஞ்சளைக் காட்டிக்கொடுக்கும். அரை காரட்டுக்கு மேல், வெள்ளை உலோகத்தில் என்றால், `ஜி' அல்லது அதற்கு மேல் போவது நல்லது. நீள்சதுரமான எமரால்ட் கட் கற்களில் சின்னச் சின்னப் பட்டைகள் குறைவு என்பதால் சாயல் இன்னும் எளிதாகத் தெரியும். அதற்கும் நிறத்தில் ஒரு படி மேலே போகலாம்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான். அதில் பெரிய, நிறமற்ற கல் குறைந்த விலையில் கிடைப்பதால் நிறமா, அளவா என்ற சண்டையே பெரும்பாலும் வராது. ஆனால், திரும்ப விற்கும்போது மிகக் குறைவாகவே கிடைக்கும். நாளை அவசரத்துக்கு உதவும் என்று நினைத்து வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

`புளூ ஜாகர்' என்ற மந்திரச் சொல்

நம் ஊரில் பெரியவர்கள் வைரம் வாங்கினால், ``புளூ ஜாகரா?'' என்று கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவில் உள்ள ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. நிறமற்ற, லேசான நீல ஒளிர்வு உள்ள கற்களை அப்படி அழைத்தார்கள்.

அந்த நீலத்துக்குக் காரணம் `ஃப்ளோரசென்ஸ்'. புற ஊதாக் கதிர் பட்டால் சில வைரங்கள் ஒளிரும், பெரும்பாலும் நீலமாக. வெயிலிலும் புற ஊதாக் கதிர் உண்டு. மஞ்சளை நீலம் ஈடுகட்டும் என்பதால், `ஐ', `ஜே' போன்ற கற்கள் இந்த ஒளிர்வால் இன்னும் வெள்ளையாகத் தெரியலாம். விலையும் சற்றுக் குறையலாம். அளவை விரும்புபவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால், ஒளிர்வு மிக பலமாக இருந்தால் சில கற்கள் வெயிலில் பால் கலந்தது போல மங்கலாகத் தெரியும். அதனால் வெளியே எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இன்று `புளூ ஜாகர்' என்பது ஆய்வகங்கள் தரும் தரம் அல்ல. அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கேட்டால், ``கலர் என்ன எழுத்து? ஃப்ளோரசென்ஸ் எவ்வளவு?'' என்று கேளுங்கள்.

கடையில் எப்படிப் பார்ப்பது?

* ஸ்பாட் லைட்டுக்குக் கீழே எந்தக் கல்லும் மின்னும். நகையைக் கடை வாசல் பக்கம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.
* தனிக்கல் என்றால், வெள்ளைத் தாளை மடித்து, அந்த மடிப்பில் கல்லைக் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பக்கத்தில் ஒரு படி மேலான கல்லையும் வைக்கச் சொல்லுங்கள்.
* தோடு என்றால், கை நீளத்தில் பிடித்துக் கண்களைச் சுருக்கிப் பாருங்கள். ஒரு கல் மட்டும் மங்கலாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால், மாற்றித் தரச் சொல்லுங்கள்.
* பில்லில் வைர எடை, நிறம், கிளாரிட்டி, தங்கத்தின் நிகர எடை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லின் எடையையும் தங்கமாகக் கணக்கிட்டுவிடக் கூடாது. ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே. வைரத்தின் தரத்துக்குத் தனி சர்ட்டிஃபிகேட் வேண்டும்.

மாற்றுவதற்கு முன் கழுவிப் பாருங்கள்

``பாட்டி தோடு மஞ்சளாயிடுச்சு, மாத்திடலாம்'' என்று பழைய நகையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். வைரத்தின் நிறம் வீட்டில் போட்டுக்கொள்வதால் மாறாது. மாறியது அதன்மேல் உள்ள அழுக்கு. வைரத்தில் எண்ணெய்ப் பசை நன்றாக ஒட்டும். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய தட்டில் நீரோடு கற்களை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தைப் பிரித்தெடுக்கும் முறையே இருந்தது. தலைக்கு எண்ணெய், முகத்துக்கு க்ரீம் என்று பழகிய நம் காதுத் தோட்டில் பசை படியாமல் இருக்குமா?

வெதுவெதுப்பான நீரில் லேசாக சோப்பு கலந்து, மென்மையான பிரஷ்ஷால் பின்பக்கத்தையும் தேய்த்துக் கழுவினாலே பல தோடுகள் பழைய ஒளிக்குத் திரும்பிவிடும். பின்பக்கம் மூடிக் கட்டிய பழைய தோடு என்றால் மட்டும் வீட்டில் ஊறவைக்காமல், தெரிந்த ஆசாரியிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகு மாற்றலாமா என்று யோசிக்கலாம். எக்ஸ்சேஞ்ச் என்று கொடுத்துவிட்டால் அந்தக் கற்கள் திரும்பி வராது.

மொத்தத்தில் வரிசை இதுதான்: முதலில் பட்டை, அடுத்து கற்களின் ஒற்றுமை, பிறகு பட்ஜெட்டுக்குள் அளவு, கடைசியாக எழுத்து. ஒற்றைக்கல் மோதிரத்துக்கு மட்டும் எழுத்தை ஓர் இடம் முன்னே கொண்டு வாருங்கள். அந்த வரிசையில் கேள்வி கேட்டால், அம்மா ஆசைப்பட்ட பெரிய தோடு, அப்பாவின் பட்ஜெட்டுக்குள்ளேயே கிடைக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.