அப்பா வாங்கிய மாஸி டிராக்டர்: வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?

முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்பு அப்பாவோ பெரியப்பாவோ வாங்கிய சிவப்பு நிற மாஸி ஃபெர்குசன் 1035 ஒன்று உங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. சாவி போட்டால் இன்னும் கிளம்புகிறது. பக்கத்து வயலில் புது வண்டி உழும்போதெல்லாம், இதைத் தள்ளிவிட்டுப் புதிது எடுத்தால் என்ன என்று வீட்டில் பேச்சு வருகிறது. அல்லது வண்டியே இல்லாத நீங்கள், பழையது ஒன்று குறைந்த விலைக்கு வருகிறதே என்று யோசிக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் சந்தேகம்: இவ்வளவு வயதான வண்டி எப்படி இன்னும் ஓடுகிறது? அந்தக் காலத்து இரும்பு அப்படி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் கொஞ்சம்தான் உண்மை. பழைய வண்டியிலும் லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்) தேயும், பேரிங் போகும், சீல் ஒழுகும். தேய்ந்த எதையும் பக்கத்து ஊர்ப் பட்டறையிலேயே கழற்றி, வேறு வாங்கிப் போட முடிகிறது. அதனால்தான் அது ஓடுகிறது.

உதிரிபாகம் இன்னும் கிடைப்பது எப்படி? அந்த வடிவம் வழக்கொழியவே இல்லை. அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்த சாம்பல் நிற டி.இ.20 டிராக்டர் 1946இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் உற்பத்திக்கு வந்தது. பத்து ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எட்மண்ட் ஹிலாரியின் குழு 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்ததுகூட இந்த வகை டிராக்டர்களை ஓட்டித்தான். 1953இல் ஃபெர்குசன் நிறுவனம் கனடாவின் மாஸி ஹாரிஸுடன் இணைந்தது. 1956இல் 35 என்ற வண்டி வந்தது. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் அந்த 35ஐத்தான் 1035 என்று இங்கே செய்தது. அதற்கு இஞ்சின் தந்தது சென்னையின் சிம்ப்சன். அந்த வரிசையில் திருத்தங்களோடு வண்டிகள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், தாத்தா காலத்து வண்டிக்கும் கடையில் சாமான் இருக்கிறது.

இலங்கையில் வன்னிப் பக்கம் போனாலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த 35, 135, 240 ஆகிய உழவு இயந்திரங்களைப் பார்க்கலாம்.

ஃபெர்குசன் அப்படி என்ன செய்துவிட்டார்? இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வண்டியைச் சோதிப்பது எளிது. அவருக்கு முன்பு கலப்பையைப் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு போவார்கள். கொழு ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கினால் முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுபவர் மேலேயே விழும். அவர் கலப்பையைக் கீழே இரண்டு, மேலே ஒன்று என்று மூன்று தண்டுகளால் வண்டியோடு பிணைத்தார். மண் இறுகலாக வந்தால் மேல்தண்டு வண்டியை நோக்கி அழுத்தும். அந்த அழுத்தம் உள்ளே ஒரு ஸ்பிரிங்கை அமுக்கும். உடனே ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கி இறக்கும் அமைப்பு) கலப்பையைக் கொஞ்சம் மேலே எடுக்கும். கலப்பையின் பாரம் பின்சக்கரத்தில் இறங்க, சக்கரம் வழுக்காமல் மண்ணைப் பிடிக்கும். இவ்வளவும் நீங்கள் கை வைக்காமலே நடக்கிறது.

இதனால் உங்களுக்கு என்ன? எடை குறைந்த வண்டியே கனமான உழவைச் செய்துவிடுகிறது. எடை குறைவு என்றால் மண் இறுகுவதும் குறைவு. சின்ன வயலில், வரப்போரத்தில் திருப்புவதும் சுலபம். நம்மூர் நிலத்துக்கு இது பொருந்திப் போனதில் வியப்பில்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

புது வண்டி என்றால் கம்ப்யூட்டர், சென்சார் என்று சிக்கலாக இருக்கும் என்கிறார்களே? இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பெரிய டிராக்டர்களின் மென்பொருளைத் திறக்க முடியாமல் விவசாயிகள் தவித்ததும், 2023 ஜனவரியில் ஜான் டீர் நிறுவனம் அங்குள்ள விவசாயிகள் கூட்டமைப்புடன் பழுதுபார்ப்பு பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டதும் உண்மை. இந்தியாவிலும் அதே மாதம் முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்தது. அதனால் அவற்றில் மின்னணுக் கட்டுப்பாடு நுழைந்துவிட்டது. ஆனால் நீங்கள் வாங்க நினைக்கும் 35, 40 குதிரைத்திறன் புது வண்டிகள் பெரும்பாலும் இன்னும் பழைய வகைப் பம்ப், நாசிலில்தான் ஓடுகின்றன. கம்ப்யூட்டருக்குப் பயந்து பழையதை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முடிவு செய்ய வேண்டியது பணக் கணக்கு.

அந்தக் கணக்கு எப்படி? புது வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணை வரும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரும். இரண்டு, மூன்று ஏக்கர் சொந்த உழவுக்கு வண்டி வருடத்தில் சில நாட்கள்தான் ஓடும். மீதி நாளெல்லாம் வாடகைக்கு ஓட்டினால்தான் கடன் அடையும். அதற்கு ஆளும் நேரமும் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்குத் தவணை இல்லை. விலை இறங்க வேண்டிய அளவுக்கு முன்பே இறங்கிவிட்டது. ஒரு பெரிய பழுது வந்து இஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தாலும், புது வண்டிக் கடனில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

மூன்றாவது வழியும் உண்டு. நிலம் மிகக் குறைவு என்றால் வண்டியே வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் டிராக்டரை வாடகைக்குத் தருகிறது; உழவன் செயலியில் பதிவு செய்யலாம். உழவு நேரத்தில் எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள் என்பது ஒன்றுதான் தொல்லை.

டீசல் அதிகம் குடிக்குமே? வண்டி நன்றாக இருந்தால் பயப்படும் அளவுக்கு இல்லை. இந்த மூன்று சிலிண்டர் இஞ்சின் உழவில் சுமையைப் பொறுத்து மணிக்கு 3 முதல் 5 லிட்டர் வரை எடுக்கும். உங்கள் வண்டி எவ்வளவு எடுக்கிறது என்று தெரிய, டேங்கை விளிம்பு வரை நிரப்பி இரண்டு மணி நேரம் உழுதுவிட்டு, மறுபடி விளிம்பு வரை நிரப்புங்கள். எவ்வளவு ஊற்றினீர்களோ அதுதான் கணக்கு. 5 லிட்டரைத் தாண்டினால் நாசிலையும் பம்பையும் சோதனைக்குக் கொடுங்கள். அதற்கு முன் டயர் வழுக்குகிறதா என்றும் பாருங்கள். தேய்ந்த பின் டயர் குடிக்கும் டீசலுக்கு இஞ்சின் மேல் பழி விழுவது அடிக்கடி நடக்கிறது.

சரி, பழையது வாங்கப் போகிறீர்கள். எதைப் பார்ப்பது? பெயின்டைப் பார்க்காதீர்கள். போனவுடன் இஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் ஒருமுறை ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். குளிர்ந்த இஞ்சின் கிளம்பும் விதம்தான் அதன் உண்மையான நிலையைக் காட்டும்.

புகையின் நிறம் நிறையச் சொல்லும். கிளம்பும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. நீலப் புகை தொடர்ந்து வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது; ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். பாரம் இல்லாமலே கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. பிறகு ஓடும் இஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று தள்ளினால், இஞ்சின் வேலைக்கான செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்து ஹைட்ராலிக். கலப்பையை மாட்டித் தூக்கச் சொல்லுங்கள். நடுங்காமல் ஒரே சீராக ஏற வேண்டும். ஏறியதும் இஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி கலப்பை இறங்கிவிட்டால் உள்ளே கசிவு இருக்கிறது. இந்த வண்டியில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் எண்ணெய் ஒன்றே. சேற்றுழவில் தண்ணீர் புகுந்தால் அந்த எண்ணெய் மோர் நிறமாகும். கியரும் பம்பும் சேர்ந்தே தேயும். ஆழம் பார்க்கும் குச்சியை எடுத்து நிறத்தைப் பாருங்கள். உங்கள் சொந்த வண்டியிலும் இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். இஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றுபவர்கள்கூட இந்த எண்ணெயை ஆண்டுக்கணக்கில் தொடுவதில்லை.

எந்த வேலைக்கு இது உதவாது? ரோட்டவேட்டர், வைக்கோல் கட்டும் இயந்திரம் இரண்டையும் யோசித்து மாட்டுங்கள். இவை ஓடுவது பி.டி.ஓ.வால் (பின்னால் சுழன்று கருவிகளுக்கு விசை தரும் தண்டு). ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் வண்டியோடு இந்தத் தண்டும் நின்றுவிடும். வைக்கோல் அடைத்துக்கொள்ளும் நேரத்தில் வண்டியை நிறுத்திக் கருவியை மட்டும் ஓடவிட முடியாது. இரட்டைக் கிளட்ச் இருக்கிறதா என்று கேட்டு, மிதித்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். கொத்துக் கலப்பை, டிரெய்லர், தண்ணீர் டேங்கர், அளவான சேற்றுழவு ஆகியவற்றுக்குப் பழைய வண்டி தாராளம்.

நெடுநாள் ஓட என்ன செய்ய வேண்டும்? தூசியை இஞ்சினுக்குள் விடாதீர்கள். பழைய வண்டியின் காற்று வடிகட்டிக்கு அடியில் ஓர் எண்ணெய்க் கிண்ணம் உள்ளது. காற்றிலுள்ள புழுதி அந்த எண்ணெயில் படியும். கோடை உழவில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். சேறு படிந்திருந்தால் டீசலில் கழுவி, கோடு வரை மட்டும் புது எண்ணெய் விடுங்கள். டேஷ்போர்டில் மணி காட்டும் மீட்டர் செத்துப்போயிருக்கும். ஒரு நோட்டில் ஓட்டிய மணியை எழுதி வைத்து, கையேடு சொல்லும் கணக்கில் ஆயில் மாற்றுங்கள். பம்ப் சாமான், நாசில், சீல், பேரிங் நான்கையும் கம்பெனிச் சாமானாகவே வாங்குங்கள். மட்கார்டும் பானட்டும் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

உழும்போது திடீரென்று நின்றுவிட்டால்? பெரும்பாலும் டீசல் தீர்ந்து குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். டீசல் ஊற்றியபின் ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை கைப்பம்பை அடியுங்கள். பிறகு பம்பிலுள்ள திருகிலும் அதையே செய்யுங்கள். பேட்டரி போய்விட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சின் நிற்காது, அதற்கு மின்சாரம் தேவையில்லை.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து தள்ளிவிட்டுப் போகாதீர்கள். பழைய வண்டி புது வண்டியைவிட உண்மையிலேயே மோசமாக இருப்பது பாதுகாப்பில்தான். மேலே கூரை போட்டிருக்கிறேனே என்பீர்கள். அது வெயிலுக்கு. கவிழ்ந்தால் தாங்கும் இரும்புச் சட்டம் வேறு. அதைத் தனியாகப் பொருத்தி, கூடவே சீட் பெல்ட்டும் போட வேண்டும். வாய்க்கால் கரையில் ஓரமாக ஓட்டாதீர்கள். சேற்றில் சிக்கிய எதையும் இழுக்கும்போது சங்கிலியைக் கீழேயுள்ள இழுவைக் கட்டையில் மட்டும் மாட்டுங்கள். மேல்தண்டிலோ அச்சிலோ மாட்டினால் வண்டி பின்பக்கமாக எழும்பிவிடும். இடது, வலது பிரேக் மிதிகளைச் சாலைக்கு வருமுன் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி புரளும்.

சாவி வேலை செய்யவில்லை என்று கீழே நின்று ஸ்குரூ டிரைவரால் ஸ்டார்ட்டரைத் தொட்டுக் கிளப்பும் பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. வண்டி கியரில் இருந்தால், கிளம்பிய நொடியில் பின்சக்கரம் உங்கள் மேல்தான் ஏறும். ஒரு சுவிட்ச் மாற்றும் செலவுக்காக உயிரைக் கொடுக்காதீர்கள். சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு மூடி வாங்கிப் போடுங்கள். வேட்டி, துண்டு, சேலை எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. மட்கார்டில் குழந்தைகளை உட்காரவைக்கவே வேண்டாம்.

காகிதங்கள்? பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். பத்து ஆண்டு ஆன டீசல் வண்டி கூடாது என்ற பேச்சு டெல்லி வட்டாரத்தைப் பற்றியது, தமிழ்நாட்டுக்கு அல்ல. வாங்கும்போது சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இஞ்சினை மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். வங்கியின் பெயர் அதில் இருந்தால், கடன் முடிந்ததற்கான படிவம் 35ஐயும் வங்கியின் தடையில்லாச் சான்றையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு, அதையும் கேளுங்கள்.

கடைசியாக, விற்பதே சரி என்று முடிவு செய்தால்? பக்கத்தில் இந்த வண்டி தெரிந்த மெக்கானிக் இல்லை, ஓட்ட ஆளில்லை, வருடம் முழுக்க ரோட்டவேட்டர் வேலைதான் என்றால் விற்பது நியாயம். ஆனால் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். விற்ற 14 நாளுக்குள் நீங்களே அலுவலகத்துக்குத் தெரிவித்து, பெயர் மாறும்வரை விசாரித்துக்கொண்டே இருங்கள். விபத்து இழப்பீட்டு வழக்குகளில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், இழப்பீட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.