கடைசி எபிசோட் – 14: மேசை நகர்த்த வந்தவர்

லாரா பாமரைக் கொன்றது யார் என்பது போன வாரமே முடிந்துபோன விவகாரம். அப்பா லீலாண்ட்தான், அவருக்குள் குடிபுகுந்திருந்த பாப் என்ற பேய்தான். அந்த இதழைத் தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள். இங்கே இடமில்லை.

இந்த வாரம் 1991 ஜூன் 10, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘ட்வின் பீக்ஸ்’ இரண்டாம் சீசனின் கடைசி எபிசோட். அதோடு 2017-இல் வந்த மூன்றாம் சீசனின் முடிவையும் சேர்த்து எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சேராது போலிருக்கிறது. இந்த வாரம் தேடிப் படித்ததில் ஓர் ஒப்பந்த ஷரத்து கிடைத்து, அது என்னைப் பிடித்துக்கொண்டது. முதலில் அந்த இரவை முடித்துவிடுகிறேன்.

டேல் கூப்பர் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரியைப் போல யோக்கியமான துப்பறிவாளர் தொலைக்காட்சியில் அபூர்வம். குடிப்பதில்லை, மனைவியோடு சண்டை இல்லை, கடந்தகாலத்தை நினைத்து ஜன்னலோரம் நிற்பதுமில்லை. கறுப்புக் காபியும் செர்ரி பையும் கிடைத்தால் குழந்தை மாதிரி சந்தோஷப்படுகிறவர். அவர் தன் காதலி ஆனியை மீட்க, காட்டுக்குள் இருக்கும் கறுப்பு லாட்ஜ் என்ற வேறு உலகத்துக்குள் போகிறார். சிவப்புத் திரை தொங்கும் அறைகள். எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனாலும் அதே திரை, அதே வளைந்து வளைந்து ஓடும் கோடு போட்ட தரை. அங்கே இன்னொரு கூப்பர் இருக்கிறான். ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள். வெளியே வருவது ஒருவர்தான்.

விடுதி அறையில் கண் விழிக்கிறார். டாக்டரும் ஷெரிஃப் ட்ரூமனும் கட்டிலருகே. பல் துலக்க வேண்டும் என்கிறார். குளியலறைக்குப் போய் பற்பசைக் குழாயைப் பிதுக்குகிறார். பிரஷ்ஷில் அல்ல, தொட்டியில். பிறகு நெற்றியைக் கண்ணாடியில் மோதுகிறார். உடைந்த கண்ணாடியில் தெரிவது பாப்பின் முகம். ரத்தம் வழிய, ஆனி எப்படி இருக்கிறாள் என்று நக்கலாகத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரிக்கிறார்.

அவ்வளவுதான். நல்லவர் உள்ளே, கெட்டவன் வெளியே. தொடர் ஊற்றி மூடப்பட்டது. அடுத்த வருடம் ‘ஃபயர் வாக் வித் மீ’ என்று ஒரு திரைப்படம் வந்தது. கூப்பர் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள டிக்கெட் வாங்கியவர்களை, லாரா சாவதற்கு முந்தைய நாட்களுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார் இயக்குநர் டேவிட் லிஞ்ச். 26 வருடம் பார்வையாளர்கள் அந்தக் குளியலறையிலேயே நின்றார்கள்.

இதை அரைகுறை முடிவு என்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தொலைக்காட்சியில் ஒரு நாயகனுக்கு எழுதப்பட்ட மிகக் கொடூரமான, மிக முழுமையான முடிவு அது. அந்த சீசனின் பின்பாதி சொத்தை என்பதை மறுக்கவில்லை. லாராவின் ரகசியக் காதலன் ஜேம்ஸ் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போய் பணக்காரப் பெண்ணிடம் மாட்டிக்கொள்ளும் கதையை எதிரிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 1990 ஏப்ரலில் முதல் எபிசோடை 3 கோடியே 46 லட்சம் பேர் பார்த்த தொடர், கடைசி இரவில் ஒரு கோடிச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. கொலைகாரனைச் சொல்லச் சொல்லி ஏபிசி நெருக்கியது. சொன்னதும் கூட்டம் கலைந்தது. பொன்முட்டை இடும் வாத்தை அறுத்துவிட்டோம் என்று லிஞ்ச் கடைசிவரை புலம்பினார்.

சரி, ஷரத்துக்கு வருகிறேன்.

பைலட் எபிசோடை லிஞ்சும், தொடரை அவரோடு சேர்ந்து உருவாக்கிய மார்க் ஃப்ராஸ்டும் 1989-இல் வாஷிங்டன் மாநிலத்தில் எடுத்தார்கள். ஸ்னோக்வால்மி அருவி, நார்த் பெண்ட் ஊர், ஈரமான டக்ளஸ் ஃபர் மரங்கள். அப்போது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. இது தொடராக வராமல் போனால், ஐரோப்பாவில் தனிப்படமாக வீடியோ கேசட்டில் விற்றுக்கொள்ள வேண்டும். தனிப்படம் என்றால் கொலைகாரன் பிடிபட்டாக வேண்டும். ஆகவே, முடிவு ஒன்றைக் கூடுதலாக எடுத்துக் கொடு!

யாரிடம் கேட்கிறார்கள் பாருங்கள். கொலைகாரனைச் சொல்லவே விரும்பாத மனிதரிடம்.

அந்த நாட்களில் ஒரு மாலை. லாஸ் ஏஞ்சலிஸில் படத்தொகுப்புக் கூடத்துக்கு வெளியே லிஞ்ச் நின்றுகொண்டிருக்கிறார். அங்கே நின்ற ஒரு காரின் கூரையில் கையை ஊன்றிச் சாய்ந்திருக்கிறார். பகலெல்லாம் வெயில் குடித்த தகரம், நல்ல சூடு. அந்தச் சூட்டில் சிவப்பு அறை மனதுக்குள் குதித்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். திரை, தரை, பின்னோக்கிப் பேசும் பேச்சு எல்லாம் அந்தக் காரிலிருந்து தொடங்கியவை.

ஐரோப்பிய முடிவில் கதை இப்படிப் போகிறது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் பாப் பிடிபடுகிறான். ஒற்றைக்கை மனிதன் மைக் அவனைச் சுடுகிறான். ஷரத்துக்கு உரியது அத்தோடு தீர்ந்தது, கேசட் விற்கிறவர்கள் திருப்தியாகப் போகலாம். ஆனால் லிஞ்ச் அங்கே நிறுத்தவில்லை. ‘இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று திரையில் போட்டுவிட்டு, நரைத்த தலையும் சுருங்கிய முகமுமாகக் கூப்பரைச் சிவப்பு அறையில் உட்காரவைத்தார். எதிரே சிவப்புக் கோட்டுப் போட்ட குள்ள மனிதர். பக்கத்தில் லாராவைப் போன்ற ஒருத்தி. அவள் எழுந்து வந்து கூப்பரின் காதில் ஏதோ சொல்கிறாள். நமக்குக் கேட்காது. குள்ளர் ஆடுகிறார். படம் முடிந்தது. ஒரு முடிச்சை அவிழ்க்கப் பணம் கொடுத்தவர்களுக்குப் புது முடிச்சு!

எடுத்து முடித்ததும் லிஞ்சுக்கு அந்தக் காட்சியை ஐரோப்பியக் கேசட்டுக்கு மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. அமெரிக்கத் தொடரின் மூன்றாம் எபிசோடில், 1990 ஏப்ரல் 19 அன்று, கூப்பரின் கனவாக அதைச் செருகினார். மறுநாள் அலுவலகங்களில் காபி இயந்திரத்தருகே பேசப்பட்டது அந்தக் கனவுதான். பிறகு அந்தக் கனவு ஓர் இடமாயிற்று. அந்த இடத்துக்குக் கறுப்பு லாட்ஜ் என்ற கதை வந்து ஒட்டிக்கொண்டது. கடைசி எபிசோடில் கூப்பர் மாட்டிக்கொண்டதும் அங்கேயேதான். கதையைக் கண்டிப்பாக மூடு என்ற உத்தரவிலிருந்து பிறந்த அறையில்தான், உலகத் தொலைக்காட்சியின் மிகப் பிரபலமான மூடாத முடிவு நடந்தது. இந்த வாரம் நான் தூங்காததற்கு இதுதான் காரணம்.

சிவப்பு அறையின் அந்தப் பின்னோக்கிய பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடிகர்கள் வசனத்தை ஒலி ஒலியாகத் தலைகீழாக மனப்பாடம் செய்து பேசுவார்கள். அந்த ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓட்டினால் வசனம் நேராகிவிடும், ஆனால் எலும்பு மாறிய வசனமாக. நடையும் அப்படியே. குள்ளராக நடித்த மைக்கேல் ஜே. ஆண்டர்சனுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. பள்ளிக்கூட நாட்களில் நண்பர்களோடு ரகசியம் பேச அவர் இப்படித் தலைகீழ்ப் பேச்சைப் பழகிவைத்திருந்தார்.

அந்த ‘இருபத்தைந்து ஆண்டு’க்கு வருவோம். கடைசி எபிசோடில் லாரா கூப்பரிடம் இருபத்தைந்து ஆண்டுகளில் மறுபடி சந்திப்பதாகச் சொல்கிறாள். கதை நடப்பது 1989-இல். புதிய சீசன் வரப்போவதாக லிஞ்சும் ஃப்ராஸ்டும் அறிவித்தது 2014 அக்டோபரில். கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். 1989-இல் ஒப்பனைக்காரர், கூப்பராக நடித்த கைல் மெக்லாக்லனுக்கு வயதான முகம் போட்டபோது அவருக்கு வயது முப்பது. நிஜமாகவே அந்த வருடங்கள் கழிந்து அவர் அதே நாற்காலிக்குத் திரும்பியபோது, ஒப்பனைக்காரர் பயமுறுத்திய அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனிதர் நன்றாகவே இருந்தார்.

இப்போது பாப். இவரை எழுத்தாளர் யாரும் எழுதவில்லை. ஃப்ராங்க் சில்வா என்பவர் பைலட் படப்பிடிப்பில் செட்டை அலங்கரிக்கும் ஆள். மேசை நாற்காலி நகர்த்துவது அவர் வேலை. லாராவின் படுக்கையறையில் அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தபோது, உள்ளேயே உன்னைப் பூட்டிக்கொண்டுவிடாதே என்று யாரோ கிண்டலாகக் குரல் கொடுத்தார்களாம். அது லிஞ்சின் காதில் விழுந்தது. நீ நடிப்பாயா என்று கேட்டு, கட்டிலின் கால்மாட்டில் குந்தவைத்து ஒரு ஷாட் எடுத்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

பிறகு லாராவின் அம்மா சாரா சோஃபாவிலிருந்து அலறிக்கொண்டு எழும் காட்சி. கிரேஸ் ஸப்ரிஸ்கி பிரமாதமாக அலறினார். கேமராக்காரர் முகத்தைச் சுளித்தார். ஷாட் கெட்டுவிட்டது, பின்னால் சுவர்க் கண்ணாடியில் ஓர் ஆள் தெரிகிறார் என்றார். யார் என்று பார்த்தால் சில்வா. வேறு எந்த இயக்குநராக இருந்தாலும் திட்டிவிட்டு இன்னொரு டேக் போயிருப்பார். லிஞ்ச் அதையே வைத்துக்கொண்டார். ஆக, முதல் இரவில் அந்த 3 கோடியே 46 லட்சம் பேரின் கண்முன்னால், சாராவின் தலைக்கு மேலே கண்ணாடியில் கொலைகாரன் தெரிந்துவிட்டான். கண்ணாடியில் தற்செயலாக நுழைந்தவன், கடைசி எபிசோடில் கண்ணாடியில்தான் குடியேறினான்.

லாராவே அப்படி வந்தவள்தான். ஷெரில் லீயை சியாட்டிலில் பிடித்தது பிணமாகப் படுக்க. பிளாஸ்டிக்கில் சுற்றிக் கரையோரம் கிடத்தினார்கள். ஒரு வீடியோக் காட்சியில் அவர் ஆடுவதைப் பார்த்த லிஞ்ச், இவரை இத்தோடு விடக் கூடாது என்று லாராவின் உறவுக்காரப் பெண் மாடி என்ற பாத்திரத்தையே உண்டாக்கினார். ஒற்றைக்கை மனிதன்? ‘தி ஃப்யூஜிட்டிவ்’ தொடருக்கு வைத்த சின்ன வணக்கம். 1967 ஆகஸ்டில் ஒற்றைக்கைக் கொலைகாரன் சுட்டு வீழ்த்தப்பட்டு அமெரிக்கா நிம்மதியாகத் தூங்கப்போன அந்தக் கடைசி எபிசோடை இந்தக் கட்டுரைத் தொடரின் ஆரம்பத்தில் பார்த்தோம். அங்கே விடை, இங்கே வழிப்போக்கன். வழிப்போக்கனும் பிறகு தெய்வமாகிவிட்டான்.

இடையில் ஒரு கிளைக்கதை. இசையமைப்பாளர் ஏஞ்சலோ பதாலமென்டி சொல்லிவந்தது. பால் மெக்கார்ட்னி ஒருமுறை எலிசபெத் ராணியார் முன்னால் பாடப் போயிருந்தாராம். ராணியார் வந்து, மன்னிக்க வேண்டும், இருந்து கேட்க முடியாது, ‘ட்வின் பீக்ஸ்’ ஆரம்பிக்க ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று மாடிக்குப் போய்விட்டாராம். மெக்கார்ட்னியே பதாலமென்டியிடம் சொன்னதாம். உண்மையா, மெருகேறியதா என்று விசாரிக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

கடைசி எபிசோடுக்குத் திரும்பினால், அதற்கு எழுதிய பிரதி வேறு. ஃப்ராஸ்ட், ஹார்லி பெய்ட்டன், ராபர்ட் ஏங்கல்ஸ் மூவர் எழுதியது. முதல் இரண்டு சீசன்களில் லிஞ்ச் இயக்கியது மொத்தமே ஆறு எபிசோட்கள். நெடுநாள் வராமல் இருந்தவர், கடைசிக்கு வந்து இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். லாட்ஜ் பகுதிக்கான பக்கங்களை ஓரமாக வைத்துவிட்டுச் செட்டிலேயே யோசித்து எடுத்தார். மற்றவர்கள் மறந்துபோன முகங்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டார். முதல் எபிசோடில் தாமதமாக வேலைக்கு வந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்த ஜெர்மன் பணிப்பெண்ணைக்கூட அழைத்துவந்து, அதே கிண்டலை அப்படியே மறுபடி பேசவைத்தார்.

எனக்குப் பிடித்தது வங்கிக் காட்சி. தொடர் சாகக் கிடக்கிறது, வெடிகுண்டு வைத்த பெட்டகம் திறக்கப் போகிறது, ஆட்ரி என்ற ஊர்ப்பெண் தன்னைப் பெட்டக அறைக் கதவோடு சங்கிலியால் பிணைத்துக்கொண்டிருக்கிறாள். லிஞ்ச் என்ன செய்கிறார்? மிக வயதான வங்கி ஊழியர் ஒருவரை அந்தப் பெரிய கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கவிடுகிறார். தண்ணீர் கொண்டுவர. அவர் நடக்கிறார், நடந்துகொண்டே இருக்கிறார். பிறகு குண்டு வெடிக்கிறது. வெளியே மரக்கிளையில் அவருடைய மூக்குக்கண்ணாடி வந்து தொங்குகிறது. தொடரை நிறுத்தத் துடித்துக்கொண்டிருந்த நிறுவனத்தின் பொன்னான நேரத்தை, ஒரு கிழவர் நடக்கச் செலவழித்த துணிச்சலை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

சில்வா 1995-இல் இறந்துவிட்டார். பதாலமென்டி 2022-இல். லிஞ்ச் 2025 ஜனவரியில். காதில் சொன்ன ரகசியம் மட்டும் இரண்டாம் சீசனிலேயே வெளிவந்துவிட்டது: என் அப்பாதான் என்னைக் கொன்றார்.

பக்கம் தீர்ந்தது, அலுவலகத்திலிருந்து ஃபோன் மேல் ஃபோன். 2017 செப்டம்பர் 3-ஆம் தேதி, லாராவின் வீட்டு வாசலில் கூப்பர் நின்று இது எந்த வருடம் என்று கேட்பதும், அதற்கு வரும் அலறலும், அந்த வீட்டுக் கதவைத் திறப்பவர் நிஜ வாழ்க்கையில் யார் என்பதும் அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள் தொடரைத் தேடிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்க் பெட்டியில் பைலட்டின் ஐரோப்பியப் பதிப்பும் இருந்தால் அதை முதலில் தொடாதீர்கள். இரண்டாம் சீசன் முழுவதையும், ஜேம்ஸின் மோட்டார் சைக்கிள் உட்பட, பார்த்து முடித்த பிறகே போடுங்கள்.